புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு

எஞ்சின் மாற்றிய வண்டி முதல் நாளே ஒழுங்காக ஓடினால் எனக்குச் சந்தேகம் வரும். ஏதாவது ஒன்று இடிக்க வேண்டும். ஒரு குழாய் எட்டாது, ஒரு ஒயர் மாறியிருக்கும், எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு ஒரு போல்ட் கையில் மிஞ்சும். இருபத்தாறு வருடத்தில் நாற்பது எஞ்சினாவது மாற்றியிருப்பேன். எதுவும் முதல் நாளில் அமைந்ததில்லை. ஆகவே தங்கை மாப்பிள்ளையின் வேன் தகராறு செய்தபோது யாருக்கும் அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். அதிர்ந்து பேசாத மனிதர் என்றுதான் தெருவில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. கீழே பட்டறை, மேலே வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது எனக்கு இருபத்தொன்று, தங்கைக்கு ஒன்பது. அவளை நான்தான் வளர்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் அமையவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையில் அது தேவைப்படவில்லை, வீடு நிறைந்துதான் இருந்தது. மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். என் சட்டை வாசனையை வைத்தே அன்று என்ன வேலை என்று சொல்லிவிடுவாள். "இன்னைக்கு கியர் பாக்ஸ்" என்பாள். தப்பியதே இல்லை.

அவளுக்கு இரண்டு வரன்கள் வந்தன. முதல் ஆள் நல்லவர்தான். வீடுதான் தூரம். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததுண்டு என்று அவர்களிடம் சொன்னேன். வந்ததில்லை. இரண்டாவதாக வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். ஒரே பொய்யாக இருந்தால் நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "என் மூஞ்சி ராசி அப்படி" என்று சிரித்தாள். உனக்கென்னம்மா குறை என்று தேற்றினேன். அண்ணன் என்று இருந்தால் அந்த நேரத்தில் தேற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது ஆள் வரனாக வரவில்லை, வாடிக்கையாளராக வந்தார். கட்டடங்களுக்குக் கண்ணாடிப் பலகை ஏற்றிக்கொண்டு போகும் வேன்காரர். கண்ணாடி ஏற்றி ஏற்றிப் பழகியதால் குண்டும் குழியுமான ரோட்டில்கூடத் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஓட்டுவார். ஊருக்கெல்லாம் கண்ணாடி கொண்டுபோகிறவருடைய வண்டியில், அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுதாக ஏறாது. இரண்டு விரல் இடுக்கு எப்போதும் இருக்கும். மழை வந்தால் அதில் துணியைச் சொருகிக்கொள்வார். தங்கை அதைச் சொல்லித்தான் அவரிடம் முதல் முதலாகச் சிரித்தாள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு. என்னைக் கேட்டுக்கொண்டு அவர்கள் முடிவு செய்யவில்லை, முடிவு செய்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். நான் சம்மதித்தேன். இங்கேயே தங்குவதாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்றேன். தங்கினார்கள். அவர் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் அவருடைய எஞ்சின் பிஸ்டன் உடைந்து ஒன்றுக்கும் உதவாமல் போனது. உடைப்புக்குப் போட்ட ஒரு வேனிலிருந்து அதே ரக எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். நான்கு நாள் வேலை. அந்த எஞ்சினின் முன்பக்கப் புல்லி, பெல்ட் சுற்றும் சக்கரம், விளிம்பு உடைந்திருந்ததால் பழைய எஞ்சினின் புல்லியைக் கழற்றி மாட்டினேன். வண்டி கிளம்பியது, ஆனால் இழுவை இல்லை.

உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். தாமதமாக விழுந்தால் பாதி நெருப்பு வேலை செய்யாமல் அப்படியே புகை வழியில் போய்விடும். வண்டி மேடு ஏறாது, பெட்ரோலைக் குடிக்கும், கொதிக்கும். இந்த நேரம் சரியா என்று பார்க்கத்தான் புல்லியில் ஒரு வெட்டுக்குறி இருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் டைமிங் லைட்டை அடித்தால் குறி எந்த அளவில் நிற்கிறது என்று தெரியும். அடித்துப் பார்த்தேன். கச்சிதமாக நின்றது. ஆனால் சத்தம் சரியில்லை. பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பிஸ்டன் உச்சியில் நிற்கிறது, குறி ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. இரண்டு புல்லியும் பார்வைக்கு ஒன்றுதான். குறி வெட்டிய இடம்தான் வேறு. ஆக, அந்தப் புல்லி இருக்கிறவரை எந்த மெக்கானிக் வந்து லைட் அடித்தாலும் டைமிங் சரி என்றுதான் சொல்வான். வண்டி மட்டும் சரியாக ஓடாது.

கையைத் துடைத்துக்கொண்டு இதைச் சொல்லத்தான் மேலே போனேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கதவுக்கு இந்தப் பக்கமே அவர்கள் பேசுவது கேட்டது.

"வண்டி ரெடியானதும் கிளம்பிடலாம். வீடும் குடுக்குறாங்க, நிரந்தர வேலை. இனிமே இப்படி ஒண்ணு அமையுமா?" இது மாப்பிள்ளை.

"அண்ணாகிட்ட எப்படிச் சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஊரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. வேனோடு வந்தால் வேலை. ஆறு மணி நேரப் பயணம், நடுவில் நீண்ட ஏற்றம். நான் சத்தமில்லாமல் கீழே இறங்கிவந்தேன். ஒன்றும் செய்யவில்லை. குறி எங்கே நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதோ அங்கேயே விட்டுவிட்டேன். எந்த மெக்கானிக்கும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஏழு மாதம் அப்படிப் போனது. மாப்பிள்ளை பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், ஒயர்களை மாற்றினார். டவுனில் இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அவனும் லைட் அடித்து டைமிங் சுத்தம் என்று கையை விரித்தான். வண்டி அடங்கி அடங்கிப் போகிறது என்று அவர் சொன்னபோது கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். ஒரு வாரத்துக்குத் தெம்பாக இருக்கிற மாதிரி தெரியும். மலை ஏற இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் அடிவாரத்திலேயே கொதித்துத் திரும்பிவந்தார். தொழிற்சாலையில் வேலையைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்ல மச்சான், உங்களால முடிஞ்சதைப் பண்றீங்க" என்பார். எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. நிம்மதி இருந்தது. சாயங்காலம் படியேறினால் அடுப்புப் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நான் கேட்டது.

அந்த நாட்களில்தான் தங்கை உண்டானாள். மாப்பிள்ளையோடு வேனில் போய்வந்தாலே தலைவலி என்பாள். டாக்டர் இந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த ரக வேனில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தேன். புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாயில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். தாமதமான தீப்பொறியால் அந்தக் குழாய் கடுமையாகச் சூடாகிறது. சூட்டில் விரிசல் வாய் திறக்கிறது. மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் நைந்துபோனதால் புகை உள்ளே வருகிறது. அன்று மத்தியானமே புது ரப்பர் வாங்கிவந்து மூடியைச் சுற்றிப் பதித்தேன். தலைவலி நின்றது. அவளுக்கு ஒன்று என்றால் நான் பார்த்துக்கொண்டு இருப்பவன் இல்லை. விரிசலைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் குழாய் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்பார்.

ஆனால் அவர் விடாப்பிடியான மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படுத்திருந்தபோது கீழேயிருந்து கூப்பிட்டார். இறங்கிப்போனேன். அந்த நாட்களில் தங்கை, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய பின்னல் ஊசி ஒன்று பிளக் ஓட்டையில் நின்றுகொண்டிருந்தது. அவளும் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் முகத்திலும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"மச்சான், இங்க பாருங்க. லைட்டு பொய் சொல்லல, புல்லிதான் பொய் சொல்லுது. ஊசி உச்சில நிக்குது, குறி எங்க நிக்குது பாருங்க."

நான் குனிந்து பார்த்தேன். புதிதாகப் பார்க்கிறவன் எவ்வளவு நேரம் பார்ப்பானோ அவ்வளவு நேரம் பார்த்தேன்.

"அட, ஆமாம்" என்றேன். "எனக்கு இது தோணவே இல்ல."

"அதுக்கென்ன மச்சான். யானைக்கும் அடி சறுக்கும்பாங்க, விடுங்க. நீங்க இல்லன்னா எஞ்சினே கிடைச்சிருக்காது."

என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஒரு குச்சியில் வெள்ளை ஆயில் பெயின்டைத் தொட்டு, உண்மையான உச்சி வரும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு லைட் அடித்து டைமிங் வைத்தார். ஒரு உறுமல் உறுமியது பாருங்கள், அந்த எஞ்சின் அப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. தங்கை கைதட்டினாள். நல்ல எஞ்சின். நான்தான் தேர்ந்தெடுத்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்புவது என்று நாள் குறித்தார்கள். வேனில் மாப்பிள்ளை மட்டும் தட்டுமுட்டுச் சாமான்களோடு போவது. தங்கைக்கு ஆறாவது மாதம், குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நான் அவளை ஒரு வாரம் கழித்து ரயிலில் கொண்டுபோய் விடுவது. இந்த ஏற்பாட்டைச் சொன்னவன் நான்தான். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

சனிக்கிழமை காலை விடிந்ததும் அவர்களுக்கு முன்னால் எழுந்து கீழே போனேன். பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து வெள்ளைக் கோட்டைத் துடைத்தேன். தீப்பொறி நேரத்தைத் தள்ளிவைத்தேன், முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. பெட்ரோல் திருகை இரண்டு சுற்று கூட்டினேன், புகையில் விஷம் கூடும். சமதளத்தில் வித்தியாசம் தெரியாது, மலையில்தான் தெரியும். அந்த வண்டியில் பெட்ரோல் வாசம் அவருக்குப் பழகிப்போன ஒன்று. கடைசியாக எஞ்சின் மூடியைத் தூக்கி நான் பதித்த ரப்பரை உருவி எடுத்தேன். மூடியை வைத்து நான்கு போல்ட்டையும் முடுக்கினேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. மழை தூற ஆரம்பித்தது. மழை எனக்கு அனுகூலம்தான் என்று நினைத்தேன். ஜன்னல் இடுக்கில் துணியைச் சொருகிக்கொள்வார்.

இதுவரைக்கும் சொன்னதில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மாப்பிள்ளை உயிரோடு போய்ச் சேரக் கூடாது என்று நினைத்துத்தான் செய்தேன். தவறி நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

எட்டு மணிக்கு அவர் சாமானை ஏற்றி முடித்தபோது தங்கை கையில் ஒரு பையோடு இறங்கிவந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ ரயில்லதானே வரணும்?" என்றேன்.

"மழையில இவரு தனியா எப்படிப் போவாரு? ஆறு மணி நேரம்தானே அண்ணா. இவரு ஓட்டுனா குலுங்காது, தூக்கம்தான் வரும்."

"சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்றார் மாப்பிள்ளை. "நீங்க சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னா இறங்கிடுவா."

அவர் தார்ப்பாய்க்குக் கயிறு கட்டப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவள் இறங்கவில்லை. "அவ இஷ்டம் மாப்ள, பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன். இதைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். இது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும்.

போன் மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு வந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்ததும் மாப்பிள்ளையின் குரல். அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

அடிவாரம் தாண்டியதுமே அவள் கதவுப் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாளாம். தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார். பள்ளம் பார்த்து, வளைவு பார்த்து, கண்ணாடி ஏற்றிய வண்டியை ஓட்டுகிற மாதிரி ஓட்டியிருக்கிறார். பாட்டைக்கூட நிறுத்திவிட்டாராம். வண்டி இழுக்கவில்லை, இவருக்கும் தலை பாரமாக இருந்தது, வாந்தி வந்தது. அன்றைக்கு ஏனோ அவர் பக்க இடுக்கில் துணி சொருகவில்லை. முகத்தில் சாரல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் பக்கத்துக் கண்ணாடி மூடியிருந்தது. உச்சியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, தள்ளாடியபடியே இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, "எழுந்திரு, டீ குடி" என்றிருக்கிறார். நான்கைந்து தடவை சொன்ன பிறகுதான் கடைக்காரர் வந்து பார்த்திருக்கிறார். குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பழைய வண்டி, புகைக் கசிவு, விபத்து என்று உங்கள் ஆட்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அந்த வேலைக்கு மாப்பிள்ளை போகவில்லை. மேலே அவர்கள் அறையிலேயே இருந்தார். இரண்டு மாதம் நான்தான் அவருக்குச் சமைத்துப்போட்டேன். சாப்பிடுங்க மாப்ள என்றால் சாப்பிடுவார். சொல்லாவிட்டால் தட்டு அப்படியே இருக்கும். பின்னல் ஊசி செருகியபடி பாதி ஸ்வெட்டர் மேசையில் கிடந்தது. அவர் எடுக்கவிடவில்லை. ஸ்டேஷனிலிருந்து வேனை எடுத்துப்போகச் சொல்லி ஆள் வந்தபோதுதான் முதல் தடவையாக வெளியே போனார்.

திரும்பிவந்தவர் மேலே ஏறவில்லை. பட்டறையில் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார்.

"மச்சான், நான் போட்ட வெள்ளைக் கோடு புல்லில இல்ல."

"மழையில அழிஞ்சிருக்கும்."

"ஆயில் பெயின்ட் மச்சான்."

நான் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். முடுக்கி முடித்தேன்.

"மூடியில ரப்பர் இருந்துச்சே. நீங்கதானே போட்டீங்க. அது எங்க?"

அவரிடம் பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "அலமாரியில இரண்டாவது தட்டு" என்றேன். கழற்றிய பொருளை நான் தூக்கிப்போட மாட்டேன், வண்டி நம்பர் எழுதிக் கட்டி வைப்பேன். அவர் எழுந்துபோய் அதை எடுத்து, சீட்டில் என் கையெழுத்தில் இருந்த நம்பரையும் தேதியையும் பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"நான் உங்களுக்கு என்ன மச்சான் பண்ணேன்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி டயரிலேயே உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து நான் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, இங்கே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். நான் வரும்போதும் அவர் அந்த ரப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையாவது அனுப்பி அவருக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. அவர் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடம்.

இறங்கச் சொல்லத்தான் நான் அவள் பக்கத்துக் கதவுக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவர்மேல வருத்தம் வெச்சுக்காதீங்க. அவரு உங்களுக்காக இங்கயே இருக்கலாம்னுதான் சொன்னாரு. போகணும்னு சொன்னது நான்தான். அந்த வேலைக்கு லெட்டர் போட்டதே நான்தான். எனக்குன்னு ஒரு வீடு வேணும்ணா. ரொம்ப நாளா வேணும்."

அழவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ரொம்ப நாளா என்று சொன்னதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக என்று கேட்க நினைத்தேன். மழை கொஞ்சம் வலுத்தது. அவள் மடியில் நாலைந்து துளி விழுந்தது. கர்ப்பிணிப் பெண், ஜலதோஷம் பிடித்தால் மருந்து சாப்பிடவும் முடியாது. என் கையை விடுவித்துக்கொண்டேன்.

"கண்ணாடியை முழுசா ஏத்திக்கோம்மா, சாரல் அடிக்குது" என்றேன்.

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் தட்ட மாட்டாள். ஏற்றிக்கொண்டாள்.